பிராட்காம் வைஃபை கார்டும் லினக்ஸும்: ஒரு கோளாறின் வரலாறு

லினக்ஸ் கணினியில் வைஃபை வேலை செய்யாதபோது என்ன செய்யவேண்டும் என்பதற்கு இன்று நிலைபெற்ற ஒரு நடைமுறை உண்டு. எல்எஸ்பிசிஐ கட்டளையால் கார்டின் சில்லு எண்ணை அறியவேண்டும். உரிய டிரைவர் கர்னலில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் செய்திகளில் ஃபர்ம்வேர் பற்றிய புகார் உண்டா என்று தேடவேண்டும். ஒன்றோடொன்று மோதும் டிரைவர்களில் ஒன்றைத் தடைப்பட்டியலில் சேர்க்கவேண்டும். கையேடுகள் இவற்றைப் பொறியியலின் இயல்பான ஒழுங்காகவே கருதுகின்றன. அந்தக் கருத்து ஏற்கத்தக்கதன்று. சில்லைத் தயாரித்த நிறுவனம் அதன் செயல்முறை ஆவணங்களை வெளியிடாததன் விளைவாகவே இந்தப் படிகளில் பல தோன்றின. பிராட்காம் சில்லுகளின் வரலாறு இதற்கு வலுவான சான்று.

2003 ஜனவரியில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் கார்டில் பிராட்காம் சில்லு இருந்தது. அதே ஆண்டு ஜூனில் 802.11ஜி தரம் ஏற்கப்பட்டது. டெல், எச்பி மடிக்கணினிகளிலும் பிராட்காமின் சில்லுகள் பரவின. லினக்ஸுக்கு டிரைவரும் வரவில்லை, டிரைவர் எழுதத் தேவையான ஆவணமும் வரவில்லை. அப்போது கிடைத்த வழி என்டிஸ்ராப்பர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட டிரைவரை லினக்ஸ் கர்னலுக்குள் ஏற்றி, தான் விண்டோஸுக்குள் ஓடுவதாகவே அதை நம்பவைக்கும் ஏற்பாடு இது. பலருக்கு இது பயன்பட்டது. ஆனால் 4 கேபி அளவு ஸ்டாக் கொண்டு தொகுக்கப்பட்ட கர்னல்களில், அதைவிடப் பெரிய இடத்தை எதிர்பார்த்த விண்டோஸ் டிரைவர் கணினியையே நிலைகுலையச் செய்தது. இன்டெல் வகைச் செயலிகளுக்கான அந்த டிரைவர் பவர்பிசி செயலிகளில் ஓடவே ஓடாது. சில்லை முதலில் தாங்கிவந்த ஆப்பிள் கணினிகளில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருந்தது.

தன்னார்வலர்கள் வேறு வழியை வகுத்தார்கள். ரவுட்டர்களில் ஓடிய பிராட்காம் டிரைவரை ஒரு குழு பிரித்துப் படித்து, சில்லு எப்படி இயங்குகிறது என்பதை உரைநடை விவரணையாக எழுதியது. அந்தக் குழுவில் இல்லாத மற்றவர்கள் விவரணையை மட்டும் வைத்துப் புதிதாக நிரல் எழுதினார்கள். பதிப்புரிமை வழக்குக்கு இடம் தராமல் இருக்கவே இந்தக் கண்டிப்பான பிரிவினை. இவ்வாறு பிறந்த பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் டிரைவர் 2006 ஜூனில் வெளியான 2.6.17 கர்னலில் இடம்பெற்றது. அதன் வாரிசான பி43, 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலுடன் வந்தது. டிரைவர் கைக்கு வந்தும் சிக்கல் தீரவில்லை. சில்லுக்குள் இருக்கும் சிறு செயலிக்குத் தேவையான ஃபர்ம்வேராகிய மைக்ரோகோடு பிராட்காமின் உடைமை. அதைப் பிறர் விநியோகிக்க உரிமம் இல்லை. ஆகவே நிறுவனத்தின் சொந்த டிரைவர் கோப்பிலிருந்து அப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்க எஃப்டபிள்யூகட்டர் என்னும் கருவியை எழுதவேண்டியிருந்தது. ‘யூகோட்5’ என்ற கோப்பைக் காணவில்லை என்று பயனர் திரையில் தோன்றிய பிழைச்செய்தி, கார்டு பழுது என்றே பலருக்குப் பட்டிருக்கும். உண்மையில் கார்டில் ஒரு குறையும் இல்லை. உரிமம் இல்லாததைத்தான் அந்தச் செய்தி சொன்னது.

வானொலி அலைகளுக்கான சட்டமே நிறுவனத்தின் கையைக் கட்டிப்போட்டது என்று வாதிடலாம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. அனுமதிக்கப்படாத அலைவரிசையிலோ மிகை ஆற்றலிலோ கார்டு ஒலிபரப்பினால் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தயாரிப்பாளரைக் கேள்வி கேட்கும். ஆனால் அதே சட்டத்தின் கீழ் வணிகம் செய்த மற்றவர்கள் வேறு முடிவெடுத்தார்கள். இன்டெல் 2006இல் 3945 கார்டுக்கு மூடிய துணைநிரல் ஒன்றைக் கட்டாயமாக்கியது. பின்னர் அது தேவைப்படாத புதிய திறந்த டிரைவரைத் தானே தந்தது. இன்னொரு வைஃபை சில்லு நிறுவனமான அதீராஸ் 2008 ஜூலையில் ஏத்9கே டிரைவரை முழு மூலநிரலுடன் வெளியிட்டது. சட்டம் மாறாமலே கொள்கை மாறியது என்றால், தடையாக இருந்தது சட்டம் அன்று.

லினக்ஸ் பயனர்கள் சிலரே, அவர்களுக்காகச் செலவிட வணிகக் காரணம் இல்லை என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 இறுதியிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அதற்குள் ஓடியது லினக்ஸ்; அதிலிருந்தது பிராட்காம் சில்லு. லினக்ஸில் இந்தச் சில்லை இயக்கும் அறிவு நிறுவனத்திடம் அன்றே இருந்தது. அந்த டிரைவர் மூடிய இருமக் கோப்பாக அந்த ரவுட்டர்களில் விற்கப்பட்டும் வந்தது. மடிக்கணினி வாங்கியவருக்கு அது மறுக்கப்பட்டதைச் செலவைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

2008இல் பிராட்காம் தந்த டபிள்யூஎல் டிரைவரும் பெரும்பகுதி மூடியதே. அது பி43 டிரைவருடன் ஒரே கார்டுக்குப் போட்டியிட்டதால், தடைப்பட்டியல் பிராட்காம் பயனரின் அன்றாடப் பாடமாயிற்று. 2010 செப்டம்பரில்தான் நிறுவனம் திறந்த டிரைவரை அறிவித்தது. 2012 ஜனவரியின் 3.2 கர்னலில் அது சோதனைப் பகுதியிலிருந்து முதன்மைப் பகுதிக்கு வந்தது. புதிய சில்லுகளுக்கு மட்டுமே அது உதவியது. பழைய பிசிஎம்4318 வைத்திருப்பவர் இன்றும் தன்னார்வலர்களின் பி43 டிரைவரையே நம்பியிருக்கிறார். டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகத்தின் உருவாக்குநர்கள் 2022இல் நடத்திய வாக்கெடுப்புக்குப் பின், 2023 ஜூனில் வெளியான டெபியன் 12, மூடிய ஃபர்ம்வேர்களையும் நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தந்தது. பி43 ஃபர்ம்வேருக்கு விநியோக உரிமம் இல்லாததால் அதற்கு அந்த வட்டில் இடமில்லை. வைஃபை கார்டை இயக்கத் தேவையான கோப்பை, கேபிள் போன்ற வேறு வழியில்தான் இணையத்திலிருந்து இறக்கவேண்டும்.