மலிவாக இருந்தது எது? சேரன்மகாதேவியின் எரிபொருள் நினைவும் 1991 நிதிநிலை உரையும்

“அப்பல்லாம் பத்து ரூவாய்க்குப் பெட்ரோல் போட்டா டவுணுக்குப் போய்ட்டு வந்துரலாம்.” திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பெட்ரோல் விலை பேச்சில் வரும்போதெல்லாம் இத்தகைய கூற்று எழுகிறது. இதைப் பண மயக்கம் என்று தள்ளுவது பொருளியல் ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. பழைய ரூபாயின் மதிப்பை மறந்தவர்களே பழைய விலையை மலிவு என்கிறார்கள் என்பது அந்த வாதம். அதன் கணக்கு சரி. அந்தக் கணக்கைக் கொண்டு எடுக்கும் முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் கணக்கு. 2002 ஏப்ரலில் தில்லியில் லிட்டர் 26 ரூபாய் சொச்சத்துக்கு விற்ற பெட்ரோல், 2021 ஜூலையில் அங்கும் சென்னையிலும் 100 ரூபாயைத் தாண்டியது. ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே காலத்தில் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறக்குறைய மூன்றரை மடங்கானது. இடைவெளி பெரிதன்று. கூலியைக் கொண்டு அளந்தால் நினைவின் நிலை இன்னும் மோசம். நூறு நாள் வேலைத் திட்டம் 2007இல் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட நாள் கூலி 80 ரூபாய். அதில் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் வாங்கலாம். 2024-25இல் கூலி 319 ரூபாய். அந்த ஆண்டின் சென்னை விலையில் மூன்று லிட்டருக்கு மேல் கிடைத்தது. லிட்டரை அளவுகோலாக வைத்தால் நினைவு தோற்றுவிடுகிறது.

ஆனால் மேற்சொன்ன கூற்றில் லிட்டர் எங்கும் இல்லை. செலவழித்த பணமும் போய்வந்த தொலைவும்தான் இருக்கின்றன. ஆகவே, லிட்டர் விலை உயர்ந்ததா என்பதை விட, ஒரு வீட்டின் வரவுசெலவில் எரிபொருள் எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்பதே பொருத்தமான கேள்வி. அதற்கு விடை தேட ஓர் ஆவணத்தை மறுவாசிப்புச் செய்ய வேண்டும்.

24.7.1991 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் படித்த நிதிநிலை உரை, மலிவுப் பெட்ரோலுக்கு முடிவு கட்டிய பிரதியாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. வளைகுடா நெருக்கடியையொட்டி 1990 அக்டோபரில் விதிக்கப்பட்ட 25 விழுக்காடு மேல்வரிக்கு அடுத்த அடி அது. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் 20 விழுக்காடு ஏறின. அதே அறிவிப்பில் வீட்டு உபயோக மண்ணெண்ணெய் விலை 10 விழுக்காடு குறைக்கப்பட்டதை, கசப்பு மருந்தோடு தந்த அரசியல் சலுகையாகக் கருதி ஆய்வாளர்கள் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியை உரையின் ஓரத்தில் வைக்க முடியாது என்று கருதுகிறேன்.

காரணம், அது அன்று புதிதாகத் தோன்றிய சலுகை அன்று. 1970களின் நடுப்பகுதியிலிருந்து 2002 வரை நீடித்த, அரசே விலையை நிர்ணயித்த நிர்வாக விலை முறையில், பெட்ரோல் வசதி படைத்தோரின் பொருளாகக் கருதப்பட்டு உயர்ந்த விலையில் வைக்கப்பட்டது. அதில் திரண்ட பணம் எண்ணெய்த் தொகுப்புக் கணக்கின் வழியாக மண்ணெண்ணெய் போன்றவற்றின் விலையைத் தாங்கியது. இந்த அமைப்பின் இரு கைகளையும் 1991 உரையின் ஏற்றமும் இறக்கமும் ஒரே பத்தியில் காட்டுகின்றன. சீர்திருத்தத்தின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் உரை, இந்த ஓரிடத்தில் பழைய முறையையே உறுதி செய்தது.

இப்போது இதைச் சேரன்மகாதேவியிலிருந்து படிக்கலாம். இங்கே வயலுக்குத் தண்ணீர் பாய எரிபொருள் தேவைப்பட்டதில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து வரும் கன்னடியன் கால்வாய், கார், பிசானம் ஆகிய இரு நெற்பருவங்களுக்கும் தானாகவே நீர் பாய்ச்சியது. உழவுக்கு மாடு இருந்தது. திருநெல்வேலிக்குப் போக, 1904இல் கொல்லம்வரை நீண்ட பாதையில் ரயில் இருந்தது. டவுண் பஸ்ஸும் சைக்கிளும் இருந்தன. வீட்டுக்குள் நாள்தோறும் எரிந்தது ரேஷன் கடைச் சீமெண்ணெயும் விறகும். இத்தகைய வீட்டுக்கு 1991 உரை இழைத்த பெரிய தீங்கு பெட்ரோலில் இல்லை, உரத்தில்தான் இருந்தது: உர விலை 40 விழுக்காடு உயர்த்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 30 ஆயிற்று. பெட்ரோல் பெரும்பாலானோருக்கு வேண்டும்போது மட்டும் வாங்கும் பொருள். அன்றாடம் வேண்டிய எரிபொருளையோ அரசு தாங்கிப் பிடித்தது.

அந்தத் தாங்கல் பிறகு படிப்படியாக விலகியது. 2002இல் நிர்வாக விலை முறை முடிந்தது. 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. 2016 முதல் மண்ணெண்ணெய் விலை சிறுசிறு தவணைகளில் ஏற்றப்பட்டு, 2020 வாக்கில் ஒன்றிய அரசின் மானியம் தீர்ந்தது. இதே காலத்தில் மாடு போய் டிராக்டரும், அரிவாள் போய் அறுவடை இயந்திரமும், விறகு போய் எரிவாயு உருளையும் வந்தன. வாசலில் இருசக்கர வாகனம் நின்றது. மலிவு என்று நினைவு சொல்வது, பெட்ரோல் இல்லாமலும் நாள் நகர்ந்த ஒரு நிலையை. கூலிக்கு மூன்று லிட்டர் கிடைப்பது, மூன்று லிட்டர் தேவைப்படாத காலத்தை ஈடு செய்யாது.

அப்படியானால் நினைவு ஏன் மண்ணெண்ணெயைச் சொல்லாமல் பெட்ரோலைச் சொல்கிறது? திட்டவட்டமான சான்று இல்லாவிட்டாலும் இரண்டு காரணங்களை முன்வைக்கலாம். இன்று வீட்டைக் கடிப்பது பெட்ரோல். இன்றைய வலிக்கு எதிரிணையாகவே நினைவு பழையதைத் தேடுகிறது. மேலும், நிர்வாக விலைக் காலத்தில் ஒரு விலை பல மாதங்கள் அசையாமல் நின்றது. மாறினால் அதற்கு ஓர் அறிவிப்பும் ஒரு தேதியும் பழிக்கு ஓர் அமைச்சரும் இருந்தனர். 16.6.2017 முதல் காலை 6 மணிக்குப் பைசாக் கணக்கில் மாறத் தொடங்கிய விலை அப்படி மனத்தில் பதிவதில்லை. 2021இல் 100 ரூபாய் மட்டும் பதிந்தது, அது ஓர் எல்லை என்பதால்.

எதிர்வாதங்கள் சில. வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பர். 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் சரிந்தபோது கலால் வரி ஒன்பது முறை ஏற்றப்பட்டதும், 2020 மே மாதம் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டப்பட்டதும் உண்மை. ஆனால் அது லிட்டர் விலைக்கான விளக்கம், நினைவுக்கான விளக்கமன்று. ரேஷன் மண்ணெண்ணெய் கள்ளச் சந்தைக்கும் டீசல் கலப்படத்துக்கும் போனது என்பதும் தெரிந்ததே. கசிந்தது போக மீதி வீட்டுக்கு வந்தது என்பது இங்கே போதும். இன்றைய வண்டிகள் கூடுதல் மைலேஜ் தருகின்றன என்ற வாதம், வண்டி அன்றாடத் தேவையாக இல்லாத வீட்டின் நினைவைத் தொடவில்லை.

இந்த வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. இதே மாவட்டத்தில், கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓட்டிப் பயிர் செய்த ராதாபுரம், நாங்குநேரிப் பகுதிகளில் எரிபொருள் அன்றே வயலின் முதற்செலவுகளில் ஒன்று. என் வாதம் சரியென்றால், அங்குள்ள முதியோர் டீசலை விலையோடு நினைவுகூர வேண்டும்; மலிவுக் காலம் பற்றிய பேச்சு ஆற்றுப் பாசன ஊர்களை விட அங்கே மெலிந்திருக்க வேண்டும். இரு பகுதிகளிலும் ஒரே பெட்ரோல் கதைதான் கேட்கும் என்றால் நான் சொன்னது விழும். அந்தக் களப்பணி நடக்கும்வரை, விலைக் குறியீட்டு அட்டவணை ஒன்றை நீட்டி முதியவர்களின் பேச்சை மயக்கம் என்று முடித்துவைப்பதற்கு ஆய்வுலகுக்கு உரிமை இல்லை.