பற்றியதா, இல்லையா?

வீட்டில் கேஸ் அடுப்பு பற்றவில்லை என்றால் என்ன செய்வோம்? குமிழை மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி லைட்டரைத் தட்டுவோம். அந்தக் 'கொஞ்சம் பொறுத்து' என்பதைத் தொழிற்சாலை உலைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதைதான் இது.

தீயை உண்டாக்குவது பெரிய சிக்கலாக இருந்ததே இல்லை. 1823-ல் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியல் பேராசிரியர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சி எரியவைத்துவிட்டார். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி கடைக்கு வருவதற்கு முன்பே!

சூடான உலைக்கு அதுகூட வேண்டாம். ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856-ல் காப்புரிமை வாங்கிய உலை, வெளியேறும் புகையின் சூட்டைச் செங்கல் அடுக்கில் பிடித்துவைத்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்தது. இதற்காகத் திசையை அடிக்கடி மாற்றுவார்கள். பின்னாளில் கேஸில் ஓட்டியபோது, ஒவ்வொரு மாற்றத்திலும் தீ அறுந்து, கனலும் சுவர் பட்டுத் தானாகவே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

வினை எல்லாம் குளிர்ந்த உலையில்தான். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இயற்கை எரிவாயு காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். 10 கன மீட்டர் உலைக்கு அரை கன மீட்டர் கேஸ் போதும். மணிக்கு 100 கன மீட்டர் விடும் பர்னர் அதை 18 விநாடியில் நிரப்பிவிடும். அதனால்தான் முதலில் பந்தம், பிறகு வால்வு என்று பழைய ஆட்கள் கறாராக இருந்தார்கள்.

மின்பொறி வந்ததும் பந்தம் பிடித்த ஆள் விலகினார். ஆனால் அவர் வெறும் கை மட்டுமல்ல, கண்ணும்கூட. பொறி தட்டும், பற்றியதா என்று அதற்குத் தெரியாது.

புகைபோக்கியில் சூட்டுக்கு வளையும் உலோகப் பட்டையை வைத்துப் பார்த்தார்கள். அது சூடேறி வளைவதற்குள் நம் 18 விநாடி போய்விடும். சாதாரண ஒளிக்கண் வைத்தால், சிவந்த செங்கல்லைப் பார்த்து 'தீ இருக்கிறது' என்றது.

அழகான தீர்வு ஒரு பழைய செய்தியில் இருந்தது. தேய்த்த அம்பரின் ஈர்ப்பைத் தீ கெடுத்துவிடும் என்று வில்லியம் கில்பர்ட் 1600-லேயே எழுதியிருக்கிறார். காரணம், தீயில் மின்னூட்டத் துகள்கள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். தீக்குள் ஒரு சின்னக் கம்பியை நீட்டி மாறுமின்சாரம் கொடுத்தால், எதிர்முனையான பர்னர் உடம்பு பெரிதாக இருப்பதால் ஒரு திசையில் மட்டும் அதிகமாகப் பாயும். கிடைப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் கரி, ஈரம் வழியாகக் கசிந்தால் இரு திசையிலும் பாயும். கருவி அதை ஏற்காது. கசிவால் தீ மாதிரி நடிக்க முடியாது! புரோகிராம் எழுதுகிறவன் என்ற முறையில், இதைவிட நேர்த்தியான சோதனையை நான் பார்த்ததில்லை.

கடும் சூட்டில் கம்பி தாங்காத இடங்களுக்குப் புற ஊதாக் கண் வந்தது. செங்கல் அதை ஏமாற்றாது. ஆனால் மின்பொறி ஏமாற்றும், அதிலும் புற ஊதா உண்டு. ஆகவே பொறியை நிறுத்திவிட்டுத்தான் 'தீ தெரிகிறதா' என்று கேட்க வேண்டும். பழசான கண் தீயே இல்லாமலும் 'தெரிகிறது' என்னும். அதற்காக, அவ்வப்போது கண்ணை மூடிப் பார்க்கும் சின்னக் கதவு வைத்தார்கள். மூடியபோதும் தெரிகிறது என்றால் பொய்; உலையை நிறுத்து.

இன்று அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 86 தரநிலை, உலையின் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு காற்றை முதலில் ஊதச் சொல்கிறது. பிறகு பொறி. குறித்த விநாடிகளுக்குள் தீ தெரியாவிட்டால் வால்வை மூடு. சும்மா இன்னொரு தடவை முயல்வது கிடையாது.

1989-ல் ஜெர்மனியில் யோஆகிம் வ்யுன்னிங் ஒரு வினோதத்தைக் கண்டார். உலை சுமார் 1000 டிகிரி சூட்டில் இருந்தது. கண்ணுக்குத் தீ தெரியவில்லை, புற ஊதாக் கருவியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எரிபொருள் முழுக்க எரிந்துகொண்டிருந்தது, நைட்ரஜன் ஆக்சைடும் ஏறக்குறைய இல்லை. இந்த வகைப் பர்னர்கள் இப்போது விற்பனையில் உள்ளன. இவற்றில் தீயைத் தேடுவதில்லை. சுவர் போதுமான சூட்டில் இருக்கிறதா என்று வெப்பமானியைத்தான் கேட்கிறார்கள்.