இரண்டு வாக்குமூலங்கள்

2003 ஆகஸ்ட்டில் வெளிவந்த ‘காக்க காக்க’வின் கதையை நமக்குச் சொல்பவர் அதன் நாயகன்தான். உதவி ஆணையர் அன்புச்செல்வன் குற்றுயிராகக் கிடக்கிறார். அவருடைய நினைவிலிருந்து படம் விரிகிறது. யார் ரவுடி, யாரை எதற்காகச் சுட்டார்கள், சுட்டதில் என்ன நியாயம் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்த ‘விசாரணை’ எதிர்ப்பக்கத்திலிருந்து பிறந்த படம். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில், செய்யாத குற்றத்துக்காகப் பிடிபட்டு ஸ்டேஷனில் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அந்த நூலை எடுத்துக்கொண்டு, பிற்பாதியைத் தன் பங்குக்கு வளர்த்துப் படமாக்கினார் வெற்றிமாறன். முதல் படம் போலீஸ் அதிகாரியின் வாக்குமூலம். இரண்டாவது, லாக்கப்பில் கிடந்தவனின் வாக்குமூலம்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் சொன்னது. அதற்குப் பதிலாக 2023இல் வந்த புதிய சட்டமும் 23ஆம் பிரிவில் அதையே வைத்திருக்கிறது. ஸ்டேஷனின் உள்ளறையில் என்ன நடக்கும் என்று தெரிந்தே வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பிரிவு அது. நூற்றைம்பது ஆண்டுகளாக நீதிமன்றம் நம்ப மறுக்கும் அந்த அறையைத்தான் நம் வெகுஜன சினிமா முழுமையாக நம்பச் சொல்கிறது. நாமும் நம்பிவிட்டோம். சினிமாவால் சமூகத்துக்கு வந்த கேடு என்று பேச்செடுத்தால் புகை, குடி, பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்க வைப்பது ஆகியவைதான் முதலில் வரும். அவை பேசப்பட வேண்டியவைதான். புகைக்கும் குடிக்கும் திரையின் ஓரத்தில் ஒரு எச்சரிக்கை வரியாவது ஓடுகிறது. விசாரணையில்லாத கொலைக்குக் கைதட்டப் பழக்கியதற்கு அப்படி எதுவும் இல்லை. என் பார்வையில் மற்ற கேடுகளைவிட இது ஆழமானது.

‘காக்க காக்க’ அருமையாக எடுக்கப்பட்ட படம். ஹாரிஸ் ஜெயராஜின் இசையும் ஆர்.டி. ராஜசேகரின் ஒளிப்பதிவும் ஆன்டனியின் வெட்டும் சேர்ந்து, தமிழ்ப் போலீஸ் படத்துக்கு ஒரு புதிய தோற்றத்தைக் கொடுத்தன. அதுவரை விறைப்பாகத் திரிந்த போலீஸ்காரர் அதில் மென்மையாகக் காதலித்தார், நண்பர்களோடு சிரித்தார், குறைவாகப் பேசினார். அவர் மீது நமக்கு வந்த பிரியம் உண்மையானது. அந்தப் பிரியத்தோடுதான் அவர் துப்பாக்கியை எடுக்கும்போதும் கூட நிற்கிறோம். மனித உரிமை என்ற பேச்சு படத்தில் ஓரிடத்தில் வருகிறது. அதன் பேரில் அவரும் நண்பர்களும் அடங்கிய நால்வர் அணி கலைக்கப்படுகிறது. அந்தத் தடையின் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கலாம் என்று யோசிக்கப் படம் ஒரு நிமிடம்கூடத் தருவதில்லை. நல்லவர்களின் கையைக் கட்டிப்போடுகிற முட்டுக்கட்டையாகவே அது வந்து போகிறது.

இங்கே ஒரு முக்கியமான வேலை நடக்கிறது. வில்லன் ஆளைக் கடத்துவதை, கழுத்தை அறுப்பதைக் கேமரா முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறது. நாம் கண்ணால் பார்த்த சாட்சி ஆகிவிடுகிறோம். பார்த்த பிறகு விசாரணை எதற்கு, வக்கீல் எதற்கு, வாய்தா எதற்கு? நாயகன் சுடும்போது, சற்றுத் தாமதமாகச் சுட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. ‘விசாரணை’யும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது, எதிர்த்திசையில். பூங்காவில் படுத்துறங்கி, மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பாண்டியும் அவன் நண்பர்களும் எந்த வீட்டிலும் திருடவில்லை என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அதனால்தான் அவர்கள் மேல் விழும் ஒவ்வொரு அடியும் நம்மால் தாங்க முடியாததாகிறது.

நிஜ வாழ்க்கையில் அந்தக் கேமரா இல்லை. யார் செய்தது, யார் செய்யவில்லை என்பது ஏட்டுக்கும் தெரியாது, இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது, செய்தி படிக்கிற நமக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான், பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்று அரசமைப்புச் சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது. திரையரங்கில் பழகிய நிச்சயத்தை நாம் வெளியே எடுத்துவந்து, மறுநாள் செய்தியில் வரும் முகத்தின் மேல் வைத்துவிடுகிறோம். அவனைப் ‘பார்த்தாலே தெரியுது’ என்கிறோம். பெரும்பாலும் நமக்குத் தெரிவது அவனுடைய நிறமும் லுங்கியும் ஊரும்தான்.

இரண்டு படங்களிலும் நீதிமன்றத்துக்கு என்ன இடம் என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். ‘காக்க காக்க’வின் உலகில் நீதிபதிக்கு வேலையே இல்லை. ‘விசாரணை’யின் மையமான காட்சி ஒரு நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. நாட்கணக்கில் அடித்து, ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பழக்கி, பையன்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நீதிபதி பேசுவது தெலுங்கு. இவர்களுக்குத் தெரிந்தது தமிழ். வேறொரு வேலையாக அங்கே வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்க்க அழைக்கப்படுகிறார். அப்போதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவர்கள் சொல்வதை ஒருவர் கேட்கிறார். கேட்ட உடனே வழக்கு உடைந்துபோகிறது, விடுதலையாகிறார்கள். சமுத்திரக்கனி மிகை இல்லாமல் செய்த அந்த முத்துவேலுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு மனிதனின் பேச்சை அவனுக்குப் புரிகிற மொழியில் கேட்பது என்பதைத் தாண்டி அந்தக் காட்சியில் எந்தச் சாகசமும் கிடையாது. நம் போலீஸ் படங்கள் பலவும் வெட்டியெறிவது சரியாக இந்தக் காட்சியைத்தான்.

அதே 2003இல், ‘காக்க காக்க’வுக்குச் சில மாதங்கள் முன்னால் வந்தது இயக்குநர் ஹரியின் ‘சாமி’. அதன் முடிவில் போலீஸ் நாயகன் ஆறுச்சாமி, வில்லன் பெருமாள் பிச்சையை யாருக்கும் தெரியாமல் கொன்றுவிட்டு, அவன் தலைமறைவாகிவிட்டதாக ஊரை நம்பவைக்கிறார். ஒரு காவல்துறை அதிகாரி ஒருவரைக் கொன்று, காணாமல் போனார் என்று ஆவணத்தில் எழுதுவது எவ்வளவு பெரிய பயங்கரம் என்பது, பிள்ளையைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்த எந்தத் தாயிடம் கேட்டாலும் தெரியும். அரங்கம் அதற்கு விசிலடித்தது.

ஒரு புகைப்படத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஒருவன் அரசு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வலது கையில் விரல் நுனிவரை மாவுக்கட்டு. சில படங்களில் ஒரு காலிலும். பக்கத்தில் இரண்டு காவலர்கள். அவன் கேமராவைப் பார்த்துக் கும்பிட முயல்கிறான், கட்டுப் போட்ட கை பாதியில் நிற்கிறது. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்ததில், அல்லது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்தது என்று கீழே செய்தி. யாரும் அந்தச் செய்தியை நம்புவதில்லை. என்ன நடந்தது என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிரிக்கும் முகத்தோடு பகிர்கிறோம், ‘தரமான சம்பவம்’ என்று எழுதுகிறோம். பின்னணியில் ஏதோ ஒரு போலீஸ் படத்தின் இசையைச் சேர்த்து வீடியோவாகவும் ஆக்குகிறார்கள். படத்திலிருந்து எடுத்த இசை, படத்திலிருந்து எடுத்த சொல், படத்திலிருந்து எடுத்த மகிழ்ச்சி. அந்தப் பையனின் வழக்கு என்ன ஆனது என்று பின்னால் தேடிப் பார்த்தவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம்.

சினிமாவா போலீஸுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தது என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். மதராஸ் மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் மக்களைச் சித்திரவதை செய்தது பற்றி விசாரித்த குழு 1855இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அப்போது சலனப்படம் என்ற ஒன்றே உலகில் பிறக்கவில்லை. லத்தி சினிமாவைவிட மூத்தது. ஆனால் அந்த அறிக்கைக்குக் காரணம், அடிபட்டவர்கள் நெடுந்தூரம் நடந்துவந்து புகார் சொன்னதும், சொன்னதைக் கேட்டு வெட்கப்பட ஆட்கள் இருந்ததும்தான். சினிமா செய்தது இந்த வெட்கத்தைப் போக்கியதுதான். அடிக்கிறவனை அது உருவாக்கவில்லை. அவனுக்குக் கைதட்டுகிற ஊரை உருவாக்கியது. ஊர் கைதட்டுகிறது என்று தெரிந்தால் கை ஓங்குபவனுக்கு அச்சம் எங்கிருந்து வரும்?

2019 டிசம்பர் 6 அதிகாலையில், ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்முறை செய்து கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த இடத்தில் நின்ற காவலர்கள் மீது மக்கள் பூ தூவினார்கள். தமிழ்நாட்டிலும் இனிப்புக் கொடுக்காத குறையாகக் கொண்டாடினோம். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் வெளியான அறிக்கையில், போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது. செத்தவர்களில் மூவர் பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும், பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. பூ தூவியவர்களில் எத்தனை பேர் இதைப் படித்தார்கள்? அந்த மருத்துவருக்கு நடந்த கொடுமை நெஞ்சைப் பிளப்பது. அதைச் செய்தவர்கள் யார் என்று ஒரு நீதிமன்றம் தீர்மானித்துச் சொல்லும் வாய்ப்பு அவருக்கும் இல்லாமல் போயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்துவைத்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. இந்த முறை ஊர் கைதட்டவில்லை, அழுதது. செத்தவர்களுக்கு ஒரு கடை இருந்தது, பெயர் இருந்தது, தெரிந்த மனிதர்களாக இருந்தார்கள். காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று இயக்குநர் ஹரி அப்போது அறிக்கை விட்டார். ‘சாமி’யின் இரண்டு பாகமும், ‘சிங்கம்’ மூன்று பாகமும் அவர் எடுத்தவை. ஒன்றரை டன் எடையைப் பற்றிய ‘சிங்கம்’ வசனத்தைச் சொல்லாத பிள்ளை, அந்தப் படம் வந்த நாளில் எந்தத் தெருவிலும் இல்லை. இவ்வளவு வெற்றி பெற்ற ஒருவர் அப்படி மனம் திறந்து சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

‘சிங்கம்’ இந்தியில் ‘சிங்கம்’ என்றே ஆகி, வடக்கிலும் அதே வேலையைச் செய்தது. 2023 செப்டம்பரில் ஒரு காவல்துறை நிகழ்ச்சியில் பேசிய மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், அந்தப் படத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். திரையில் நீதிபதிகள் கோழைகளாகவும் குற்றவாளிகளைத் தப்பவிடுபவர்களாகவும் வருகிறார்கள், போலீஸ் தனியாளாக நீதி வழங்குகிறது, சட்ட நடைமுறை மீது இவ்வளவு பொறுமையின்மை ஆபத்தானது என்பது அவர் பேச்சின் சாரம். நீதிமன்றத் தாமதம் பொய்யல்ல. பத்து, பதினைந்து ஆண்டு வாய்தாவுக்கு நடந்தவரிடம் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. அந்தக் கோபத்தைச் சினிமா கூடுதல் நீதிபதிகளைக் கேட்கிற பக்கம் திருப்பவில்லை, துப்பாக்கியின் பக்கம் திருப்பியது.

‘காக்க காக்க’வில் அன்புச்செல்வனாகவும் ‘சிங்கம்’ படங்களில் துரைசிங்கமாகவும் நடித்த சூர்யாவே 2021இல் ‘ஜெய் பீம்’ படத்தில் வழக்கறிஞர் சந்துருவாக வந்தார். சிறை வாசலில் விடுதலையாகி வருபவர்களைச் சாதி கேட்டுப் பிரித்து, இருளரையும் குறவரையும் மறுபடி பொய் வழக்குக்குப் பிடித்துப் போகும் அதன் முதல் காட்சி, என்கவுன்ட்டர் படங்கள் இருபதாண்டு மறைத்ததைச் சில நிமிடங்களில் காட்டியது. அடி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. அந்தப் படத்தின் இயக்குநர் த.செ. ஞானவேல் 2024இல் ரஜினிகாந்தை வைத்து எடுத்த ‘வேட்டையன்’, அவசரப்பட்டு நிரபராதியைச் சுட்டுவிட்ட அதிகாரியைப் பற்றியது. உச்ச நட்சத்திரத்தின் படத்தில் இந்தக் கேள்வி வந்ததே பெரிய விஷயம். ஆனாலும் குற்றவுணர்ச்சி, மனமாற்றம், இறுதி வெற்றி எல்லாம் சுட்டவருக்கே போகின்றன. செத்தவனின் வீட்டில் கேமரா அதிக நேரம் தங்குவதில்லை.

எனக்கு இன்னும் ஆறாத ஒரு குறை ‘விசாரணை’, ‘ஜெய் பீம்’ போன்ற நல்ல படங்களிடமும் இருக்கிறது. அவை நம்மை அழவைப்பது அடிபடுகிறவர் நிரபராதி என்பதால். அப்படியானால் குற்றம் செய்தவனை அடிக்கலாமா? அந்த மாவுக்கட்டுப் பையன் உண்மையிலேயே சங்கிலி பறித்தவனாக இருந்தால்? ‘விசாரணை’ இந்தக் கேள்வியை ஓரிடத்தில் தொடுகிறது. ஆடிட்டர் கே.கே. அப்பாவி அல்ல; கட்சிக்காரர்களின் கள்ளக் கணக்குகளைக் கட்டிக் காத்தவர். அவரை ஸ்டேஷனில் தலைகீழாகத் தொங்கவிட, அவர் இறந்துபோகிறார். அந்தச் சாவை மறைக்கத்தான், முன்பு விடுதலையான பையன்களும், கடைசியில் மனசாட்சி உறுத்திய முத்துவேலும் கொல்லப்படுகிறார்கள். குற்றவாளியை அடிக்கலாம் என்று ஒத்துக்கொண்ட கை, நிரபராதியிடம் போய்ச் சேரும் வழியை அந்தக் கடைசி அரை மணி நேரம் கண்ணெதிரே காட்டுகிறது. அதற்கப்பால் போன வெகுஜனப் படம் எதையும் நான் பார்த்ததில்லை. குற்றம் செய்தவன் என்று தெரிந்தே ஒருவனைப் பிடித்து, அவன் மேல் ஒரு அடியும் படாமல் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய் நிறுத்துகிற போலீஸ்காரரை, உச்ச நட்சத்திரம் ஒருவர் முழுப் படத்துக்கும் நடிக்க வேண்டும்.