ஹெவி மெட்டல் கிதாரில் பழைய சுரவரிசைகள்

1965-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், உலோகத் தகடு வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலை. டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞருக்கு அங்கே அன்றுதான் கடைசி வேலை நாள். கிதார் வாசிப்பையே தொழிலாகக் கொள்வதென்று முடிவு செய்திருந்தார். வேலைக்கு வராத ஒருவருடைய பொறியில் நின்றபோது, அவரது வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் துண்டாயின. அயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே மெட்டுகளின்மேல் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான்.

மனம் உடைந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928-இல் தீயில் இடக்கை வெந்து இரு விரல்கள் முடங்கியபின், ஜாஸ் இசையில் பெரும்புகழ் பெற்றவர் அவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்தியும் வாசித்தார்.

தளர்த்துவதால் விரலுக்கு எவ்வளவு இதம்? கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1636-இல் மெர்சென் வெளியிட்ட விதி. அயோமியின் பிளாக் சாபத் குழு 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டின் சில பாடல்களில் கம்பிகள் மூன்று அரைச்சுரம் இறக்கப்பட்டன. அதிர்வெண் குறைந்தது 16 விழுக்காடுதான். இழுவிசையோ 29 விழுக்காடு குறைந்துவிட்டது. 'கன உலோகம்' எனப் பொருள்படும் ஹெவி மெட்டல் இசைக்கு இன்றும் அடையாளமாக இருக்கும் அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விசையில் தனி வாசிப்புக் கற்க வருபவர் கையில் முதலில் கிடைப்பது புள்ளிகள் இட்ட கட்டப்படங்கள். ஆறு கம்பிகள், சில மெட்டுகள், விரல் வைக்க வேண்டிய இடங்கள். ஒரே படத்தைக் கழுத்தில் எங்கு நகர்த்தினாலும் அதே சுரவரிசை வேறு சுருதியில் ஒலிக்கும். ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணை ஏறத்தாழ 1.0595 மடங்காக்குவதே இதற்குக் காரணம். பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2. அதாவது மேல் ஷட்ஜம். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581-இல் லூட் வாத்தியத்துக்குச் சொன்ன 18-க்கு 17 என்னும் விகிதமும் இதற்கு மிக அருகில் வருகிறது.

முதல் தலைமுறை மெட்டல் கலைஞர்கள் பெரும்பாலும் ஐந்து சுரங்களோடு நின்றார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து வந்த வரிசை அது. நம் சுத்த தன்யாசியின் சுரத்தானங்களே அவை. ஆனால் பிளாக் சாபத்தின் 1970-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டிலேயே, குழுவின் பெயரையே தாங்கிய பாடலில், ஷட்ஜத்துக்கு எதிராகப் பிரதி மத்தியமம் பிடிவாதமாக வந்து நிற்கிறது. ஆறு அரைச்சுரத் தொலைவு, அதிர்வெண் விகிதம் 2-இன் வர்க்கமூலம். எளிய பின்னம் எதற்குள்ளும் அடங்காத இந்த விகிதம் காதுக்கு அமைதி தராது. இதை 'இசையில் சாத்தான்' என்று பழைய இலக்கணக்காரர்கள் அழைத்தது உண்மை. கிறிஸ்தவத் திருச்சபை இதைத் தடை செய்தது என்பதோ ஆதாரமற்ற கதை.

இனி ஏழு சுர வரிசைகளுக்கு வருவோம். சங்கராபரணத்தின் சுரங்களையே வைத்துக்கொண்டு, ஆதார ஷட்ஜத்தை மட்டும் ஒவ்வொரு சுரமாக மாற்றினால் புதுப்புது வரிசைகள் பிறக்கும். நாம் இதைக் கிரக பேதம் என்கிறோம். மேலைநாட்டினர் மோடு என்கிறார்கள். 1547-இல் கிளாரியன் என்ற அறிஞர் இவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினார். டோரியன் நம் கரஹரப்பிரியா. பிரிஜியன் நம் தோடி. ஏயோலியன் நம் நடபைரவி. லோக்ரியனில் மட்டும் பஞ்சமம் இல்லை. எனவே அதற்கு மேளகர்த்தாவில் இடமில்லை. (சுரத்தானம் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் இல்லாத தோடியை யார் தோடி என்பார்?)

இவ்வளவு செல்வமும் பிற்கால ஐரோப்பிய இசையில் மேஜர், மைனர் என்னும் இரண்டாகச் சுருங்கியது. சுரங்களை அடுக்கி ஒலிக்கும் கார்டு முறை ஓங்கியதே காரணம். அந்த அடுக்கில் காந்தாரம் முன்கூட்டியே மேஜரா மைனரா என்று சொல்லிவிடுகிறது. அப்படியானால் மோடுகள் மெட்டல் கிதாருக்கு எப்படித் திரும்பி வந்தன? 1959-இல் மைல்ஸ் டேவிஸ் ஜாஸ் இசையில் அவற்றை மீட்டது ஒரு வழி. மெட்டலில் வழி திறந்தது, என் கருத்தில், ஒலிபெருக்கியின் கோளாறுதான்.

1964-இல் கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பைப் பிளேடால் கீறி, கரகரத்த ஒலியை வேண்டுமென்றே உண்டாக்கினார். இப்படி ஒலி சிதையும்போது, இரு சுரங்களின் அதிர்வெண் வேறுபாடும் மூன்றாவது ஒலியாகக் கேட்கும். வினாடிக்கு 110 அதிர்வுள்ள ஐந்தாம் கம்பியை ஷட்ஜமாகக் கொள்வோம். கிதாரில் அதன் பஞ்சமம் 164.8. வேறுபாடு 54.8, சரியான கீழ் ஷட்ஜம் 55. காது ஏற்றுக்கொள்ளும். அந்தர காந்தாரத்தைச் சேர்த்தாலோ அது 138.6. வேறுபாடு 28.6, இருக்க வேண்டியது 27.5. ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிசகு, அடியிலிருந்து உறுமுகிறது. எனவே கலைஞர்கள் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிட்டு, ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் சேர்த்து அடித்தார்கள். இதுவே பவர் கார்டு. அயோமியின் காயம்பட்ட கைக்கும் இது ஏற்றதாக இருந்தது.

காந்தாரம் இல்லாத ஷட்ஜ பஞ்சமம் வேறென்ன, தம்பூராதான்! அடியில் அது முழங்க, மேலே எந்த மோடை வாசிப்பது என்பது தனி வாசிப்பவரின் விருப்பமாயிற்று.

அந்த விருப்பத்தைப் படிப்பால் விரித்தவர்களில் ராண்டி ரோட்ஸ் முக்கியமானவர். தாயார் நடத்திய இசைப்பள்ளியில் வளர்ந்தவர். புகழ் வந்த பின்னும், கச்சேரிக்குச் சென்ற ஊர்களில் செவ்வியல் கிதார் ஆசிரியரைத் தேடிப் பாடம் கேட்டார். 1982 மார்ச் 19-இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. இரண்டாண்டு கழித்து ஸ்வீடன் நாட்டு இங்வி மாம்ஸ்டீன், பாகனினியின் வயலின் வேகத்தையும் ஹார்மோனிக் மைனரையும் கிதாருக்குக் கொண்டுவந்தார். அது நம் கீரவாணி. அதன் பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் வகுளாபரணம். மெட்டலில் மிகுதியாகக் கேட்கும் 'கீழைநாட்டு' வாடை அதுவே.

கட்டப்படத்தை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. சங்கராபரணத்துக்கும் தோடிக்கும் விரல்கள் விழுவது அதே புள்ளிகளில்தான். படம் பேதம் காட்டாது. தடித்த ஆறாம் கம்பியைத் திறந்தபடி ஒலிக்கவிட்டு, அதே புள்ளிகளை அதன்மேல் மெதுவாக வாசித்துப் பாருங்கள். பிறகு வேறொரு கம்பியை ஒலிக்கவிட்டு மறுபடி வாசியுங்கள். விரல் மாறாமலே வரிசை மாறியிருப்பதைக் காது சொல்லும்.