தோண்டாமல் செம்பு தேடிய வரலாறு

ஹைதராபாத் நகரின் மேற்கே, கச்சிபௌலியில் குடியேறிய தமிழன்பர்கள் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் கிரானைட் பாறைகளே அவை. 1974-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். அவற்றின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். இவற்றின் அடியில் செம்பும் பொன்னும் இருக்குமோ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. தோண்டிப் பாராமல் அதை அறிய இயலுமா?

முன்னோர் கண்ணால் கண்டே தேடினர். கோலாரில் 1880-க்குப் பின் எழுந்த சுரங்கங்களுக்குப் பழையோர் வெட்டிய குழிகளே வழிகாட்டின. அங்கே உழைக்கச் சென்றவர்களில் வட ஆற்காடு, சேலம் மாவட்டத் தமிழர் பலர். அப்பொன் வெண்கல் இழைகளில் ஓடியது. இழையைத் தொடர்ந்தால் பொன்னை அடையலாம்.

ஆனால் உலகின் செம்பிற் பெரும்பகுதி அவ்வாறு கிடைப்பதன்று. பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு சில கிலோமீட்டர் ஆழம்வரை மேலெழுந்து குளிரும்போது, கந்தகம் கலந்த வெந்நீர் பிரிந்து பாய்ந்து பாறையை நொறுக்குகிறது. அந்நுண்ணிய பிளவுகளில் செம்பும், சில இடங்களில் பொன்னும் தங்குகின்றன. இத்தகைய படிவத்தைப் பார்ஃபிரி என்பர். நூறு பங்கு கல்லில் ஒரு பங்கு செம்புகூட இராது. மண் மூடிவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது.

இங்கேதான் பௌதிக சாஸ்திரம் துணைக்கு வந்தது. பிரெஞ்சுப் பேராசிரியர் கான்ராட் ஷ்லும்பெர்ஜே, தாதுவுடல்கள் மண்ணுக்குள் இயற்கை மின்கலம் போல் செயற்படுவதைக் கொண்டு, 1913-ல் செர்பியாவின் போர் என்னும் ஊரில் செம்புத் தாது இருப்பதைக் கண்டறிந்தார். மண்ணில் செலுத்திய மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தாதுத் துகள்கள் சிறிது மின்னேற்றத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதையும் அவர் கவனித்தார். இம்முறை 1948-ல் அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், ஸான் மானுவல் என்னும் பார்ஃபிரியின்மேல் சோதிக்கப்பெற்றது.

ஆயினும் கருவி பெரிதாகக் காட்டிய இடமெல்லாம் செம்பு இருந்ததில்லை. மின்னேற்றத்தை மிகுதியாகக் காட்டுவது பெரும்பாலும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கல். அது செம்பைச் சுற்றி வெளிவட்டமாக அமைகிறது. லோவெல், கில்பர்ட் என்னும் இருவர் 1970-ல் இவ்வட்ட அமைப்பை விளக்கினர். காந்த அளவையும் இதற்கு உதவும். நடுப்பகுதியில் காந்தக்கல் மிகுந்து காந்தம் வலுப்பெறும். பொன் மிகுந்த பார்ஃபிரிகளில் இது பெரிதும் காணப்படும். பைரைட் படிந்த வட்டத்திலோ காந்தக்கல் சிதைந்து, காந்தம் தாழ்ந்து நிற்கும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இது புதிதன்று. உரத்து ஒலிக்கும் சொல்லிலேயே பொருள் அடங்கியிருப்பதில்லை; அயற்சொற்களோடு சேர்த்துப் படித்தாலன்றிக் கருத்து விளங்காது. இரண்டு மூன்று அளவைகளைப் பொருத்திப் பார்த்து இடம் குறித்த பின்பும், இறுதித் தீர்ப்புக் கூறுவது துளைக்கருவியே.

நம் நாட்டில் இவ்வகைக்குச் சான்றாகக் கூறப்படுவது மத்தியப் பிரதேசம், பாலகாட் மாவட்டத்து மலஞ்ச்கண்ட். 1982-ல் ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் சுரங்கம் அங்கே திறக்கப்பெற்றது. அது பார்ஃபிரிதானா என்று அறிஞர் பலகாலம் வாதிட்டனர். 2004-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அத்தாது ஏறக்குறைய 249 கோடி ஆண்டுப் பழமையுடையது என்று கணித்து, பார்ஃபிரி என்னும் கருத்துக்கு வலுவூட்டியது. ஆழங்குறைந்த இடத்தில் தோன்றும் இத்தகைய படிவங்களை மழையும் காற்றும் காலப்போக்கில் கரைத்துவிடும். இத்தனை கோடி ஆண்டு கடந்தும் ஒன்று எஞ்சியிருப்பதே வியப்பு.

அப்படியாயின் கச்சிபௌலிப் பாறை ஏறத்தாழ அதே வயதினதாயிற்றே, இங்கு ஏன் செம்பு இல்லை என்று பிள்ளைகள் மீண்டும் கேட்கக்கூடும். வயது மட்டும் போதாது. வெந்நீர் பாய்ந்து, பிளவு கண்டு, தாது தங்கியிருக்கவும் வேண்டும். இதே நகரின் கிழக்கே, 1961-ல் அமைந்த தேசியப் புவிப்பௌதிக ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வினாக்களை ஆராய்ந்து வருகிறது. நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அங்கே விடை தேடுவாராயின், நாம் இவ்வூருக்குக் குடிவந்ததும் பயனுடையதே ஆகும்.