மாயவித்தைக்காரர் சீமோன்

சீமோன், கி.பி. முதல் நூற்றாண்டில் சமாரியாவில் வாழ்ந்த மாயவித்தைக்காரர். தொடக்கக் கிறித்தவ நூல்களில், தமக்கு இறையாற்றல் உண்டெனச் சொல்லி மக்களை ஏமாற்றியவர்களுள் மிகவும் பெயர்பெற்றவர் இவரே.

இவரைப் பற்றிய மிகப் பழைய பதிவு, புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூலில் 8ஆம் அதிகாரத்தில் உள்ளது. பெரியோர், சிறியோர் எல்லோரும் இவரைக் கடவுளின் மாபெரும் வல்லமை என்றே கொண்டாடினர். நற்செய்தி அறிவிப்பாளரான பிலிப்பு சமாரியாவுக்கு வந்து போதித்தபோது சீமோனும் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் திருத்தூதர்களான பேதுருவும் யோவானும் கைகளை வைக்க, மக்கள் தூய ஆவியைப் பெறுவதைக் கண்டு, அந்த அதிகாரத்தைத் தமக்கும் தருமாறு பணத்தை நீட்டினார். மந்திரங்களை விலைக்கு வாங்கி விற்ற அக்கால வித்தைக்காரர் வேறெப்படி நினைத்திருப்பார்? பேதுரு கடுமையாகக் கண்டித்தார். அவருடைய சினம் சீமோனின் பழைய வித்தைகள்மீது அல்ல, கடவுளின் கொடைக்கு விலை பேசியதன்மீதே பாய்ந்தது. இக்கதையின் உயிர் இங்குதான் இருக்கிறது. தமக்காக மன்றாடும்படி சீமோன் வேண்டினார். அதற்குமேல் அந்நூல் அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பிற்காலத்தவர் சொன்னது ஏராளம். சமாரியாவிலேயே பிறந்த கிறித்தவ எழுத்தாளர் ஜஸ்டின், இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், சீமோனின் ஊர் கித்தா என்றும், பேரரசர் கிளாடியஸ் காலத்தில் ரோமில் தெய்வமாக மதிக்கப்பட்டு டைபர் ஆற்றுத் தீவில் சிலை பெற்றார் என்றும் எழுதினார். 1574இல் அத்தீவில் கிடைத்த கல்வெட்டோ செமோ சாங்கஸ் என்னும் பழைய இத்தாலியத் தெய்வத்துக்கு உரியது. பெயர் ஒற்றுமையால் ஜஸ்டின் தடுமாறினார் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஏறத்தாழ 180இல் ஆயர் இரேனியு, எல்லாத் திரிபுக் கொள்கைகளுக்கும் சீமோனையே மூலமாக்கினார். ரோம வானில் பறந்த சீமோன் பேதுருவின் மன்றாட்டால் விழுந்தார் என்னும் கதை 'பேதுருவின் பணிகள்' என்ற புறநூலில் வருகிறது. அதை வரலாறாகக் கொள்ள இடமில்லை.

போலிகளை இனங்காணும் தேவையைத் தொடக்கத் திருச்சபை நன்கு உணர்ந்திருந்தது. 'திதாக்கே' என்னும் பழைய ஒழுங்கு நூல், ஊர் ஊராகச் செல்லும் இறைவாக்கினர் பணம் கேட்டால் அவர் போலி எனத் தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் திருப்பதவிகளை விற்கும் வழக்கம் உள்ளேயே வளர்ந்தது. 451இல் கால்செதோன் சங்கம் காசுக்குத் திருநிலைப்படுத்துவதைத் தடை செய்தது. இக்குற்றத்துக்குச் சீமோனின் பெயரே நிலைத்தது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படியும், விலைபேசிப் பெற்ற பதவி செல்லாது.