திருப்பணியும் பழமை காக்கும் கல்வியும்

கண்டராதித்த தேவரின் திருத்தேவியாராகிய செம்பியன் மாதேவியார், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தமை அன்பர்கள் அறிந்ததே. திருக்கோடிகாவில் திருப்பணி நிகழ்ந்தபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்கள் வீணாக்கப்படவில்லை. படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவர்களில் பொறிக்கப்பெற்றன. பல்லவர் காலத்துக் கொடைகளை இன்றும் நாம் அங்கே வாசிக்க முடிவது அதனாலன்றோ! முன்னோர் தருமத்தைக் காப்பதும் தம் தருமமே என அப்பெருமாட்டியார் எண்ணினார் போலும்.

பிற்காலத் திருப்பணிகளில் இவ்வெண்ணம் ஆங்காங்கே மறக்கப்பட்டது. மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்கியதால் எழுத்துகள் தேய்ந்தன. சுண்ணாம்புச் சுதைமேல் சிமெண்டு பூசியதால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிர்ந்தது. பக்தியில் குறைவில்லை, பயிற்சியிலேதான் குறைவு.

இப்பயிற்சிக்கென ஓர் அனைத்துலக நிலையம் வேண்டுமென்ற தீர்மானம் 1956-ல் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டிலேயே நிறைவேறியது. 1959-ல் ரோமாபுரியில் அது தொடங்கப்பெற்றது. 1964-ல் வெனிஸ் நகரில் வகுக்கப்பெற்ற சாசனமோ, ஊகம் தொடங்குமிடத்தில் புதுப்பிப்போர் கை நின்றுவிட வேண்டும் என விதித்தது. தில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றோர் இன்று இதனை ஈராண்டு முதுநிலைப் படிப்பாகப் பயில்கின்றனர். கட்டடத்தை அளந்து வரைதலும், பழுதின் காரணத்தை ஆராய்தலும் இக்கல்வியின் அடிப்படைகள்; பழுது பார்த்தல் அவற்றின் பின்னரே.

கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. மரபுவழிக் கைவினையும் இக்காலக் காப்பியலும் இணைந்த அதன் திருப்பணிக்கு 2024-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிட்டியது.